வெறும் மெழுகில் தெரிந்த தோல்

எங்கள் ஆஸ்பத்திரியில் யாருடைய உடம்பிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும், மச்சமோ மருவோ, தொண்டைச் சதையோ மண்ணீரலோ, அது மருந்துத் தண்ணீர் டப்பாவில் மிதந்துகொண்டு கடைசியில் மெழுகண்ணனிடம்தான் வந்து சேரும். அவர் அதை மெழுகுக்குள் வைத்து உறையவிடுவார். உறைந்த மெழுகுக் கட்டையை மெஷினில் மாட்டிச் சீவுவார். ஒரு தலைமுடியை இருபதாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அந்தக் கனத்துக்கு. சீவினது ரிப்பன் மாதிரி நீண்டு வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் எடுத்து, கண்ணாடித் துண்டில் ஏந்தி, நீலமும் ரோஸும் சாயம் போட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்புவார். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுகிற ஒரு வரியில் ஒருத்தர் வீட்டுக்குப் போவார், ஒருத்தர் ஆபரேஷனுக்குப் போவார்.

நான் அந்த லேபில் கண்ணாடி கழுவுகிறவள். ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும், ‘கடவுளே, இது யாரோ ஒரு தாய் பெத்த பிள்ளை, பார்த்துக்கோ’ என்று சொல்லிக்கொள்வேன். என் உதடு அசைவதை மெழுகண்ணன் பார்த்துவிடுவார்.

“என்னம்மா, இன்னைக்கும் எல்லாருக்கும் சிபாரிசு பண்ணியாச்சா?”

“ஆச்சுண்ணே. உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

“எனக்கு எதுக்கு? நான் டப்பாவுக்கு வெளியே இருக்கிற ஆளு.”

அவர் முதலில் ஒரு பைண்டிங் கடையில் பேப்பர் வெட்டுகிறவராக இருந்தாராம். ஆஸ்பத்திரியின் பழைய பெரிய டாக்டர் அங்கே புத்தகம் தைக்கக் கொடுக்கப் போனபோது, ஓரம் வெட்டின இடத்தில் ஒரு பிசிறு இல்லாததைப் பார்த்து, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவர், முப்பது வருஷம் அந்த மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். ஒரு தும்மல் போட்டால் ரிப்பன் பறந்துவிடும். அதனால் சளி பிடித்தால் லீவு, இல்லாவிட்டால் லீவே கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மெழுகுக் கட்டையை ஐஸில் வைத்து எடுப்பார்கள். ஐஸிலிருந்து எடுத்ததும் சீவினால் வெடித்துக்கொள்ளும். அதனால் கட்டையின் முகத்தில் வலது கட்டைவிரலை ஒரு மூச்சு நேரம் வைத்து அழுத்துவார். விரல் சூட்டில் மெழுகு இணங்கி வரும். கையுறை போட மாட்டார். லேபில் கண்ணாடிக்காரி என்று ஒரு டெக்னீஷியன் உண்டு, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவள், அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

“அண்ணா, கையுறை போட்டுக்கங்க. விதி இருக்கு.”

“மெழுகுக்கும் சூடு சொரணை இருக்கும்மா. ரப்பரால தொட்டா அதுக்குத் தெரியாது.”

“அதுக்குத் தெரியாது சரி, உங்களுக்குத் தெரியுதா?”

“எனக்குத் தெரியாதது இந்த மெஷின்ல என்ன இருக்கு?” என்பார். தற்பெருமை இல்லை, உண்மைதான். ஒவ்வொரு கட்டையையும் சீவி முடித்ததும் தொட்டித் தண்ணீரின் மேலே மெல்லிய காகிதம் போட்டு வழித்து எடுத்துவிடுவார். ஒருத்தர் துணுக்கு தண்ணீரில் மிதந்து இன்னொருத்தர் கண்ணாடியில் ஏறிவிட்டால் தலையெழுத்தே மாறிப்போகும் அல்லவா? அதில் மட்டும் அவர் ஒரு நாளும் அசந்ததில்லை.

வீட்டில் அவரும் அவர் தங்கையும்தான். தங்கை கல்யாணமான மறு வருஷமே புருஷனை இழந்து அண்ணனிடம் வந்தவர். இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மெஷின். வயதில் எனக்கு மூத்தவர் என்பதால் தையலக்கா என்று கூப்பிடுவேன். தங்கைக்காக அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஊரில் சொல்வார்கள். தையலக்காவிடம் கேட்டால், “இவர் மேல அடிக்கிற மருந்து நாத்தத்துக்கு எவ வருவா? சும்மா என் தலையில பழியைப் போடாதீங்க” என்பார். அண்ணன் சாப்பிட உட்காரும் முன்னால் கையை மூன்று முறை கழுவச் சொல்லி, முகர்ந்து பார்த்துத்தான் தட்டு வைப்பார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் மெழுகண்ணனின் வலது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி வந்தது. கேட்டதற்கு, மெழுகு கொட்டிவிட்டது என்றார். ஒரு மாதம் கழித்தும் பிளாஸ்திரி இருந்தது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. மெஷினில் உட்காரும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுவார், துணி நூல் மெழுகில் ஒட்டிவிடும் என்று. அடியில் இருந்தது ஆறின புண்ணும் இல்லை, ஆறாத புண்ணும் இல்லை. நகத்தடியில் காய்ந்த சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு பொருக்கு. நான் பார்த்தால் விரலை மடக்கிக்கொள்வார்.

அப்புறம்தான் அது நடக்க ஆரம்பித்தது.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் லேபில் வகுப்பு நடக்கும். மெழுகண்ணன் புதிதாகச் சீவிக் கொடுத்த மண்ணீரல் கண்ணாடிகளை வைத்துப் பாடம். பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கியது.

“மேடம், மண்ணீரல்ல தோல் இருக்கு.”

வகுப்பே சிரித்தது. “உனக்குக் கண்ணுல தோல் இருக்கு,” என்றான் ஒருவன். டாக்டரம்மா போய்க் குனிந்து பார்த்தார்கள். சிரிக்கவில்லை. பக்கத்தில் துணியோடு நின்ற என்னைக் கூப்பிட்டு, “இதைக் கொஞ்சம் துடைங்க,” என்றார்கள். துடைத்தேன். போகவில்லை. அது மேலே ஒட்டியது இல்லை, மூடின கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

“நீங்களும் பாருங்க,” என்று டாக்டரம்மா நகர்ந்துகொண்டார்கள். அதற்கு முன்பும் எனக்குக் காட்டியிருக்கிறார்கள், அதனால் தோல் எப்படி இருக்கும் என்று தெரியும். மேலே காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக. அதற்குக் கீழே செங்கல் அடுக்கினது போல வரிசை. அடி வரிசையில் நீலப் பொட்டு நெருக்கி நெருக்கி வைத்தாற்போல. வேர்வைக் குழாய் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு மேலே ஏறும். மண்ணீரல் வேறு மாதிரி, ரத்தச் சிவப்பில் கடுகைத் தூவினது போல. அந்தக் கடுகுக்கு நடுவே, யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல, வெங்காயச் சருகு ஒரு துணுக்கு நின்றது.

வெளியே இருக்கவேண்டியது உள்ளே இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு குடல்வால் கண்ணாடியில் இருந்தது. அதற்கடுத்து ஒரு நெஞ்சுச் சுரப்பியில். பிள்ளைகள் அதற்குப் ‘பேய்த்தோல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கண்ணாடிக்காரி மட்டும், “அண்ணா தண்ணியைச் சரியா வழிக்கறதில்ல போல,” என்று முணுமுணுத்தாள். மெழுகண்ணனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒரு தடவைக்கு மூன்று தடவை வழித்தார். அப்படியும் வந்தது.

இந்த நேரத்தில்தான் தையலக்காவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. காதுக்குக் கீழே, நெல்லிக்காய் பருமனுக்கு. தொட்டால் வலி. மாத்திரைக்கு அடங்கவில்லை என்று எடுத்துச் சோதிக்கச் சொல்லிவிட்டார்கள். டப்பா எங்கள் மேஜைக்கு வந்தது. லேபிளைப் பார்த்ததும் நான் இரண்டு தடவை சிபாரிசு சொன்னேன்.

“நான் சீவறேன், நீங்க வேணாம் அண்ணா,” என்றாள் கண்ணாடிக்காரி.

“உன் கத்தி கீறல் போடும். என் தங்கச்சியை நான் யார்கிட்டயும் விடமாட்டேன்.”

சொன்னபடியே அவர்தான் சீவினார். அவ்வளவு பொறுமையாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் கட்டையில் ஒரு மூச்சு நேரம் வைக்கிற விரலை, தங்கையின் கட்டையில் மூன்று மூச்சு வைத்தார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. ஒரு சுருக்கம் இல்லாமல் ரிப்பன் வந்தது.

மறுநாள் டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் ஜன்னலோரம் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன்.

“உட்காருங்க. இதுல தோல் இருக்கு.”

“பேய்த்தோலா மேடம்?” சிரிக்கப் பார்த்தார் மெழுகண்ணன்.

“இல்ல. இது காய்ஞ்ச சருகு இல்ல. உயிரோட இருக்கிற தோல். கோணல் மாணலா, கட்டுக்கடங்காம வளர்ற தோல்.” டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். “நம்ம தோல் ஒரு மதில்னு வெச்சுக்கங்க. நெறி உள்ள இருக்கிற காவல் சாவடி. வெளியே இருந்து எது வந்தாலும் அங்கே நிறுத்தி விசாரிக்கும். மதிலோட செங்கல் சாவடிக்குள்ள வந்து கிடந்தா என்ன அர்த்தம்? மதில் எங்கேயோ கெட்டுப்போய் உள்ள இறங்குதுன்னு அர்த்தம். கேன்சர். மேல ஒட்டினதான்னு எனக்கே சந்தேகம்தான். இன்னும் ஆழமா சீவிக் கொடுங்க, பார்ப்போம்.”

ஆழமாகச் சீவினார். இருந்தது. இன்னும் ஆழமாகச் சீவினார். இருந்தது. மூன்றாவது தடவை டாக்டரம்மா எனக்கும் காட்டினார்கள். அதே இடத்தில், நெறியின் வெளுத்த வட்டத்தை ஒட்டி, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினது போல இருக்குமே அந்த வட்டம், அதன் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கூட்டம் நின்றது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக.

தையலக்காவைத் தலை வகிட்டிலிருந்து உள்ளங்கால் வரை தேடினார்கள். ஒரு மரு இல்லை, சந்தேகப்பட ஒரு மச்சம் இல்லை. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. செங்கல் இருக்கிறது, இடிந்த மதில் எங்கேயும் இல்லை. தெரியாத இடத்தில் இருப்பதுதான் ஆபத்து என்று, கழுத்தில் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து வழித்து எடுக்க வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். அதற்கப்புறம் தோளைத் தூக்க முடியாமல் போகலாம், தைக்கிற கைதான் அது, என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை தையலக்கா லேபுக்கே வந்துவிட்டார். கழுத்தில் கட்டுப் போட்டிருந்தது.

“என்னமோ என் கழுத்துக்குள்ள தோல் இருக்காமே? உரிச்சா ஒரு பிளவுஸ் தைக்கலாமா கேளு,” என்றார் என்னிடம். பிறகு அண்ணனிடம் போய், “நீ சீவினதுதானே? அப்ப சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஒரு வார்த்தையில் மெழுகண்ணன் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன்.

தையலக்கா போனதும் நான் தொட்டியைக் கழுவினேன். அடி கறுப்பாக இருக்கிற தொட்டி அது, மெலிசான துணுக்கும் தெரியட்டும் என்று. மெழுகண்ணன் மறுபடி தங்கையின் கட்டையை எடுத்து, பிளாஸ்திரியைக் கழற்றி, விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான்காவது தடவை. விரலை எடுத்தபோது ஏதோ விழுந்தது போல இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததா, மனசுக்குத் தெரிந்ததா, என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவர் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார், ரிப்பன் நீண்டு வந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். கடவுளைக் கூப்பிட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“அண்ணே, அந்தக் கட்டையை வேற யாராவது சீவட்டுமே.”

“ஏன்?”

“உங்க விரல்...”

“என் விரலுக்கு என்ன?” என்று கத்தினார். முப்பது வருஷத்தில் அந்த அறையில் யாரும் கத்தினதில்லை. கத்தினால் ரிப்பன் பறக்கும். பறந்தது. “கண்ணாடி கழுவறவ கண்ணாடி கழுவு!”

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நல்ல வெயில், ஜன்னலெல்லாம் வெளிச்சம். மெழுகண்ணன் என்னைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“அம்மா, கோவிச்சுக்காதே. கூட நில்லு. நான் பண்றதைப் பார்த்துக்கிட்டே இரு. சாட்சிக்கு ஆள் வேணும்.”

புது மெழுகை உருக்கி அச்சில் ஊற்றினார். அதில் எதையும் வைக்கவில்லை. வெறும் மெழுகு. தொட்டியை என்னைக் கழுவச் சொன்னார், புதுத் தண்ணீர் நான்தான் ஊற்றினேன். புதுக் கத்தி. பெட்டி உடைக்காத புதுக் கண்ணாடி. கட்டை உறைந்ததும் ஐஸில் வைத்து எடுத்து, பிளாஸ்திரியைக் கழற்றி, கட்டைவிரலை அழுத்தினார். மூன்று மூச்சு. பிறகு சக்கரத்தைச் சுற்றினார். கண்ணாடி போல வெறும் ரிப்பன் வந்தது. மிதக்கவிட்டார், ஏந்தினார், சாயம் போட்டார். மெழுகுக்குச் சாயம் ஏறாது, கரைந்து போய்விடும், உள்ளே இருக்கிற ஆளுக்குத்தான் ஏறும். உள்ளேதான் ஆள் இல்லையே.

கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். வெறுமையாக இருக்கவேண்டிய நடுவில், ஊசி முனையால் தொட்டது போல ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது.

அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாத இடம். அதில் தன்னந்தனியாகத் தோல். செங்கல் அடுக்கு குலைந்து, நீலப் பொட்டுகள் பெருத்து, சில இடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு. தையலக்காவின் நெறிக்குள் பார்த்த அதே கூட்டம்.

யாருமில்லாத மெழுகில் ஒருத்தர் இருந்தார்.

“நான்தான்மா அது,” என்றார் மெழுகண்ணன். தன் கட்டைவிரலைத் தூக்கி, முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். “ஆறு மாசமா ஊர் உடம்புக்குள்ள எல்லாம் நான்தான் போய் எட்டிப் பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்.”

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். “அப்ப தங்கச்சிக்கு ஒண்ணுமில்ல. கேட்டியா? அவளுக்கு ஒண்ணுமில்ல!”

டாக்டரம்மா வரும் வரை அவர் எதையும் தொடவில்லை. கையை மேஜையில் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார், தப்புப் பண்ணின பிள்ளை மாதிரி. டாக்டரம்மா கண்ணாடியைப் பார்த்தார்கள், விரலைப் பார்த்தார்கள். “எத்தனை நாளா?” என்று மட்டும் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் நோயைக் காட்டிக் கொடுக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு, தன் விரலைப் பிளாஸ்திரி போட்டு மூடி வைத்திருந்தார் மனிதர். விளக்கடியில்தானே இருட்டு.

கண்ணாடிக்காரி கையுறை மாட்டிக்கொண்டு தையலக்காவின் கட்டையை எடுத்தாள். கட்டையின் முகத்தை வழித்துவிட்டு அடியிலிருந்து சீவினாள். கீறல் இரண்டு விழுந்தது, மெழுகண்ணன் வாயைத் திறக்கவில்லை. எட்டுக் கண்ணாடி பார்த்தார்கள். கடுகும் நிலாவும்தான். ஒரு செங்கல் கிடையாது. வியாழக்கிழமை ஆபரேஷன் நின்றது. கடைசியில் அந்த நெறிக்குக் காரணம் ஒரு சொத்தைப் பல். பல் டாக்டர் பிடுங்கிப் போட்டார்.

“ஒரு பல்லுக்காடா என் கழுத்தை அறுக்கப் பார்த்தீங்க?” என்று தையலக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். அண்ணனின் விரலைப் பற்றிச் சொன்னதும் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் கையை எடுத்து, சாப்பாட்டுக்கு முன்னால் செய்வது போல முகர்ந்து பார்த்தார். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை அவருக்கு.

அந்த ஆறு மாதத்துக் கண்ணாடிகளை டாக்டரம்மா ஒன்று விடாமல் திரும்பப் பார்த்தார்கள். மற்ற நோயாளிகளின் கண்ணாடிகளில் அங்கங்கே காய்ந்த சருகு இருந்ததே தவிர, தப்பாக எழுதும்படி எதுவும் இல்லை. தங்கையின் கட்டையில்தான் விரல் அதிக நேரம் இருந்தது. பாசம் அதிகமான இடத்தில்தான் அதிகமாக உதிர்ந்திருக்கிறது.

பத்து நாள் கழித்து ஒரு டப்பா வந்தது. லேபிளில் இருந்த பேரை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முப்பது வருஷம் மெழுகண்ணன் என்றே கூப்பிட்ட மனிதருக்கு இப்படி ஒரு பேர் இருப்பது அதுவரை எனக்கு மறந்தே போயிருந்தது. உள்ளே கட்டைவிரல் முதல் கணு வரை. நகத்தில் ஒட்டின மெழுகுகூட அப்படியே இருந்தது. என் உதடு அசையவில்லை. சிபாரிசு சொல்ல வார்த்தை வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அதையே கடவுள் எடுத்துக்கொண்டிருப்பார்.

கண்ணாடிக்காரிதான் சீவினாள். அடிவரை இறங்கவில்லை, விளிம்பு சுத்தம், அக்குளில் நெறி கட்டவில்லை என்று டாக்டரம்மா எழுதினார்கள். ஆள் பிழைத்தார்.

கட்டுப் போட்ட கையோடு ஒரு நாள் வந்தார். “காட்டுங்க, நானும் பார்க்கிறேன்,” என்றார். பார்த்தார். கெட்ட இடத்தைத் தாண்டி, நல்ல தோல் இருக்கும் பக்கமாகக் கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

“எவ்வளவு அழகா அடுக்கி வெச்சிருக்கான் படைச்சவன். திருகாணியைப் பாரு. இதை வெச்சுத்தான் இத்தனை வருஷம் அழுத்திக்கிட்டிருந்தேனா?” பிறகு டாக்டரம்மாவிடம், “நல்ல பக்கத்துல ஒண்ணு பிள்ளைங்க பெட்டியில போட்டு வைங்க மேடம். இந்தத் தடவை தோல்னு எழுதியே வைங்க,” என்றார்.

அது இன்னும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. ‘தோல், கட்டைவிரல்’ என்று எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு யாருடையது என்று தெரியாது. நான் துடைத்து வைக்கும்போது மட்டும், “என்னண்ணே, சௌக்கியமா?” என்பேன். அவர் இப்போது சீவுவதில்லை, கட்டைகளுக்கு நம்பர் எழுதுகிறார், இடது கையால். பழகிக்கொண்டார்.

போன வாரம் காலையில் நான் புதுத் தண்ணீர் ஊற்றின தொட்டியில் ஒரு துணுக்கு மிதந்தது. இன்னும் யாரும் கட்டையை எடுக்கவில்லை, மெஷின் உறையைக்கூடத் திறக்கவில்லை. காகிதம் போட்டு வழித்தேன். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் என் பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னம்மா தேடுற?” என்றார் பின்னால் மெழுகண்ணன்.

“ஒண்ணுமில்லண்ணே.”

“ஒண்ணுமில்லாததைத்தான் பயந்து பார்க்கணும்,” என்றவர், தங்கை தைத்துக் கொடுத்த துணி உறையை மாட்டிக்கொண்டார். அதில் நாலு விரல்தான். ஐந்தாவது இடத்தில் தையலக்கா பூப்போட்ட துணியில் ஒரு சின்ன ஒட்டுப் போட்டு மூடியிருந்தார்.